ஜே க்ரூடன்: வலைக்குள் ஆடிய ஆட்டம் என்எஃப்எல் வரை கொண்டுவந்ததா?

கேள்வி கேட்டவர் எழுதியது சுருக்கமாக இது: "2014 முதல் 2019 வரை வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜே க்ரூடன், என்எஃப்எல்லில் (அமெரிக்கக் கால்பந்தான ஃபுட்பாலின் முதன்மை லீக்) ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் வலை கட்டி ஆடும் அரீனா ஃபுட்பாலில்தான் ஆடினார். அது வேடிக்கை ஆட்டம்தானே? அண்ணன் ஜான் க்ரூடனின் செல்வாக்கு இல்லாமல் இது நடந்திருக்குமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரீனா ஃபுட்பாலில் ஆடுபவர் பயிற்சியாளராகத் தேவையானதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. க்ரூடனுக்குக் கதவைத் திறந்தது எது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஓரளவுக்குத்தான்.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். வேடிக்கை ஆட்டம் என்ற எண்ணம் அந்த வலைகளைப் பார்த்தவுடன் வருவதுதான். ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1981-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த யோசனை உதித்தது. 1987-ல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் மைதானம் 50 யார்டு (ஒரு யார்டு 3 அடி), இரு முனைகளிலும் எண்ட் ஸோன் (பந்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய பகுதி) சுமார் 8 யார்டு. என்எஃப்எல் மைதானத்தோடு ஒப்பிட்டால் நீளமும் பாதி, அகலமும் ஏறக்குறையப் பாதி. பக்கவாட்டில் எல்லைக்கோட்டுக்குப் பதிலாக, ஏறத்தாழ 4 அடி உயரத்துக்கு மெத்தை கட்டிய சுவர். கோல் கம்பங்களுக்கு நடுவே 9 அடிதான் இடைவெளி. கம்பங்களின் இருபுறமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு இறுக்கமான வலை. உதைத்த பந்தோ எறிந்த பந்தோ அந்த வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. எறிந்த பந்தைத் தரையில் விழுமுன் யார் பிடித்தாலும் செல்லும்.

அணிக்கு 8 பேர். தாக்கும் அணியில் முன்வரிசையில் மூன்று பேர், குவாட்டர்பேக் (பந்தை வாங்கி எறிபவர்), ஃபுல்பேக் (அவரைக் காக்கவும் பந்தோடு ஓடவும் செய்பவர்), மூன்று ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) என்பது வழக்கமான அமைப்பு. மற்ற விதிகளைவிட முக்கியமானது, ரிசீவர்களில் ஒருவர் ஸ்னாப்புக்கு (முன்வரிசையின் நடு ஆள் பந்தைக் குவாட்டர்பேக்கிடம் தரும் கணம்) முன்பே எதிரணியை நோக்கி நேராக ஓடத் தொடங்கலாம் என்பது. என்எஃப்எல்லில் ஸ்னாப்புக்கு முன் பக்கவாட்டில் நகரலாமே தவிர முன்னோக்கி ஓட முடியாது. வேகப்பந்து வீச்சாளரின் ரன்-அப் மாதிரிதான் இது. ரிசீவர் முழு வேகத்தில், பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டை எட்டும் அதே கணத்தில் பந்து குவாட்டர்பேக்கின் கையில் இருக்க வேண்டும். அரை அடி முந்திக் கோட்டைத் தாண்டினால் 5 யார்டு அபராதம். ஸ்னாப் தாமதமானால் ரிசீவர் தயங்கி நின்றுவிடுவார், ஓட்டத்தால் கிடைத்த ஆதாயம் அங்கேயே போய்விடும். சரியாக அமைந்தாலோ, எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர் நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி நகரத் தொடங்குகையில் ரிசீவர் ஏற்கெனவே உச்ச வேகத்தில் இருப்பார். அதனால் குரல் கொடுக்கும் தாளம் குவாட்டர்பேக்கின் முதல் கடமை. எறிவது அதற்குப் பிறகுதான்.

எறிவதும் வேறு மாதிரி. பின்னால் மூன்று எட்டு, உடனே பந்து கையைவிட்டுப் போய்விட வேண்டும். முன்வரிசையில் மூன்றே பேர் இருப்பதால் ஒருவர் தோற்றாலும் பாதுகாப்பு மொத்தமும் சரிந்துவிடும், உதவிக்கு வர ஆள் இல்லை. 26 மீட்டர் அகலத்துக்குள் தடுப்பாட்டக்காரர்கள் நெருக்கமாக நிற்பதால், பந்தை மேலே தூக்கிப் போட்டால் அது இறங்குவதற்குள் ஒருவர் குறுக்கே வந்துவிடுவார். எனவே பந்து தட்டையாக, ரிசீவர் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குப் போக வேண்டும். சுவரோரமாக எறியும்போது ரிசீவரின் உள்தோளுக்கு எறிவார்கள். வெளித்தோளுக்கு எறிந்தால் பந்தைப் பிடித்த கையோடு அவர் சுவரில் மோதுவார், மோதிய அதிர்ச்சியில் பந்து நழுவும்.

தடுக்கும் அணிக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் விதிகள் கையைக் கட்டிப் போட்டிருந்தன. முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கும் இரண்டு லைன்பேக்கர்களில் 'மேக்' என்பவர் மட்டுமே குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயலாம். 'ஜாக்' என்பவர் தனக்குரிய கட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். குவாட்டர்பேக் எறிவதுபோலப் பாவனை காட்டினாலோ பந்து இன்னொருவர் கைக்கு மாறினாலோதான் அவருக்கு விடுதலை. ஆகவே என்எஃப்எல்லில் அழகாகத் தெரியும் போலி எறிதல் இங்கே சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது மாதிரி. இப்படிப்பட்ட விதிகளுக்குள் வருடக்கணக்கில் ஆடுபவருக்கு, ஸ்னாப்புக்கு முன்பே யார் எங்கே நிற்கிறார், யாரால் வர முடியாது என்று கணக்குப் போடும் பழக்கம் தானாக வந்துவிடும். பயிற்சியாளர் வேலையில் பாதி அதுதான்.

இனி க்ரூடன். 1967-ல் ஒஹாயோ மாநிலத்தின் டிஃபினில் பிறந்தார். அப்பா ஜிம் க்ரூடன் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரர்களைக் கண்டெடுக்கும் பணியிலும் இருந்தவர். ஜே, லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கரின் கீழ் குவாட்டர்பேக். என்எஃப்எல்லில் இடம் கிடைக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் இருந்த அரீனா அணி 1991-ல் டாம்பாவுக்கு இடம் மாறி டாம்பா பே ஸ்டார்ம் ஆனபோது அதில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே டெட்ராய்ட் டிரைவை அதன் சொந்த ஊரில் 48-42 என்று வென்று அரீனாபவுல் (லீகின் இறுதியாட்டம்) கோப்பை. 1992-ல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1993-ல் மீண்டும் டெட்ராய்டை 51-31, 1995-ல் ஆர்லாண்டோ பிரெடேட்டர்ஸை 48-35, 1996-ல் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸை 42-38. ஆறு சீசனில் நான்கு கோப்பை. அந்த 1996 இறுதியாட்டத்தில் எதிரணியின் குவாட்டர்பேக் கர்ட் வார்னர். மூன்றே ஆண்டில் என்எஃப்எல்லின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் அதன் இறுதியாட்டமான சூப்பர்பவுலையும் ஒரே சீசனில் வென்ற அதே வார்னர்தான். அரீனா ஆட்டத்தை வேடிக்கை என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும் என்பது என் எண்ணம். ஆனால் அரீனா புள்ளிவிவரங்களை என்எஃப்எல் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். 50 யார்டு மைதானத்தில் 8 பேர் ஆடியது அது, டச்டவுன்கள் (பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனை எட்டுவது) குவியத்தான் செய்யும்.

ஆடும்போதே பயிற்சியாளர் ஆகும் கணக்கு எங்கே வருகிறது என்றால் கடிகாரத்தில். ஒவ்வொரு பாதியிலும் கடைசி ஒரு நிமிடம் தவிர மற்ற நேரமெல்லாம் கடிகாரம் பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பந்து கிடைத்தால் டச்டவுன் என்பது கிட்டத்தட்ட வழக்கம். இரண்டு அணிகளும் மாறி மாறி அடித்துக்கொண்டே போனால், எதிரணியை ஒரே ஒரு முறை தடுப்பவர் வெல்வார். அல்லது பாதி முடியும்போது கடைசியாகப் பந்தை வைத்திருப்பவர் வெல்வார். கடைசி நிமிடத்தில் முன்னணியில் இருக்கும் அணி என்எஃப்எல் மாதிரி குவாட்டர்பேக் பந்தோடு மண்டியிட்டு நேரத்தைக் கழிக்க முடியாது, பந்து கோட்டைத் தாண்டி முன்னேறாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். அதனால் 40 நொடி மிச்சமிருக்க எதிரியின் 3 யார்டு கோட்டில் நிற்கும் அணி உடனே அடிக்கலாமா, இரண்டு பிளே இழுத்தடித்து அடிக்கலாமா என்று யோசிக்கும். எதிரணியோ சில சமயம் வேண்டுமென்றே அடிக்கவிட்டு, நேரம் மிச்சமிருக்கப் பந்தை வாங்கிக்கொள்ளும்.

கிக்கர் கணக்கும் இதில் சேரும். டச்டவுனுக்கு 6, அதன்பின் உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ சேர்த்தால் 2. பந்தைத் தரையில் தட்டி எழும்போது உதைக்கும் டிராப் கிக்குக்கும் 2. 9 அடி இடைவெளியில் அந்த ஒரு புள்ளி உதை தவறுவது அபூர்வமல்ல. தவறினால் அடுத்த டச்டவுனில் 2 புள்ளிக்குப் போயே ஆக வேண்டும், அதுவும் தவறினால் துரத்தல்தான். பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளும் பன்ட் இங்கே விதிப்படி கிடையாது. சொந்த 10 யார்டு கோட்டில் நான்காவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசி) வந்தால் ஒன்று தேவையான யார்டை எடுக்க வேண்டும், அல்லது சுமார் 55 யார்டு தூரத்திலிருந்து கோலுக்கு உதைக்க வேண்டும். உதை தவறி வலையில் மோதித் திரும்பும் பந்தை எதிரணி எடுத்துக்கொண்டு ஓடும். இத்தகைய முடிவுகள் ஒரு ஆட்டத்துக்குள் பல முறை வரும். ஆட்டத்தின் நான்கு கால்பகுதியும் அதை வாழ்ந்த குவாட்டர்பேக் பயிற்சியாளர் நாற்காலிக்கு வரும்போது இந்தக் கணக்குகள் அவருக்குப் புதிதல்ல.

1997-ல் க்ரூடன் நாஷ்வில் கேட்ஸ் அணியின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர். 1998-ல் ஆர்லாண்டோ பிரெடேட்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளர். முதல் சீசனிலேயே, தான் ஆடிய டாம்பா பே ஸ்டார்மை டாம்பாவிலேயே 62-31 என்று அடித்துக் கோப்பை வாங்கினார். இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஐ-4 நெடுஞ்சாலையின் பெயரால் அழைக்கப்பட்ட பகை அது. டாம்பா ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1999 இறுதியில் ஆல்பனியிடம் 59-48 என்று தோல்வி. 2000-ல் நாஷ்விலை 41-38 என்று வென்று மீண்டும் கோப்பை.

அன்றைய அரீனா பயிற்சியாளரின் தலைவலி அணித் தேர்வுதான். 2007-ல் விதி மாறும் வரை பெரும்பாலானோர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். 'அயர்ன்மேன்' என்பார்கள். குவாட்டர்பேக், கிக்கர், சில நிபுணர் இடங்கள் மட்டுமே விதிவிலக்கு. முன்வரிசை ஆள் குவாட்டர்பேக்கைக் காத்துவிட்டு, அடுத்த சில நிமிடத்தில் எதிரணிக் குவாட்டர்பேக் மீது பாய வேண்டும். பருமன் மட்டும் உள்ளவர் காப்பார், பாய மாட்டார். வேகம் மட்டும் உள்ளவர் பாய்வார், காக்க முடியாமல் தள்ளப்படுவார். இரண்டும் ஓரளவு செய்பவரைத் தேட வேண்டும். ரிசீவர் மூன்று நீள ஓட்டம் ஓடி டச்டவுன் வாங்கிய கையோடு தடுப்பாட்டத்தில் எதிரணி ரிசீவரைத் துரத்துவார். நான்காம் கால்பகுதியில் அவர் கால் தளர்ந்திருப்பதை எதிரணி குறிவைத்து, ஓடி வரும் ரிசீவரை அவர் பக்கமே அனுப்பும். ஆகவே வெகு வேகமாக அடிப்பதில்கூட ஒரு விலை உண்டு, சொந்த ஆட்கள் மூச்சு வாங்குமுன் தடுக்க இறங்க வேண்டும்.

அடுத்து அண்ணன் பங்கு. ஜான் க்ரூடன் 2002-ல் என்எஃப்எல்லின் டாம்பா பே பக்கனியர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஜே அங்கே தாக்குதல் உதவிப் பயிற்சியாளர் ஆனார். இது அண்ணன் கொடுத்த வேலை, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் ஜே அதற்காக அரீனாவை விடவில்லை. அங்கே ஆட்டங்கள் ஆண்டின் முற்பாதியிலும் கோடையிலும், என்எஃப்எல் செப்டம்பருக்குப் பிறகு. நாட்காட்டி இடம் கொடுத்தது. 2002, 2003 சீசன்களில் முப்பதின் நடுவயதில் மீண்டும் தலைக்கவசம் மாட்டி ஆர்லாண்டோவின் குவாட்டர்பேக்காக ஆடினார். இடையே 2003 ஜனவரியில் பக்கனியர்ஸ் சூப்பர்பவுலை 48-21 என்று வென்றபோது உதவிப் பயிற்சியாளராக இருந்தார். ஒரே காலகட்டத்தில் ஒரு லீகில் ஆட்டக்காரர், இன்னொன்றில் பயிற்சியாளர். 2004 முதல் 2008 வரை ஆர்லாண்டோவின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பும் மீண்டும் அவரிடமே. 2006 இறுதியில் சிகாகோ ரஷ்ஷிடம் 69-61 என்று தோற்றார்.

2008 டிசம்பரில் அரீனா லீக் பணமின்றி அடுத்த சீசனை ரத்து செய்தது. 2009 ஜனவரியில் பக்கனியர்ஸ் ஜான் க்ரூடனை நீக்கியது. சில வாரங்களுக்குள் ஜேயின் இரண்டு வேலைகளும் போயின. அண்ணன் நிழல் விலகிய கட்டம் இது, இரண்டாவது கேள்விக்கு இதுதான் முக்கியமான கட்டமும்கூட. யுனைடெட் ஃபுட்பால் லீக் என்ற சிறு லீகில் ஃப்ளோரிடா டஸ்கர்ஸ் அணியில் 2009-ல் தாக்குதல் பயிற்சியாளர், 2010-ல் தலைமைப் பயிற்சியாளர். 2011-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக எடுத்தது. அங்கே தலைமை மார்வின் லூயிஸ், க்ரூடன் குடும்பம் அல்ல. புதிதாக வந்த குவாட்டர்பேக் ஆண்டி டால்டனை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டும் அணி பிளேஆஃப் போனது, மூன்று முறையும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2014 ஜனவரியில் வாஷிங்டன் அழைத்தது இந்த மூன்று ஆண்டுகளைப் பார்த்துத்தான்.

வாஷிங்டனில் 35 வெற்றி, 49 தோல்வி, 1 சமன். 2015-ல் 9 வெற்றி, 7 தோல்வியோடு பிரிவில் முதலிடம். அதுவே உச்சம். 2019-ல் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றதும் அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். இங்கே அரீனாவிலிருந்து எது வந்தது என்று பார்த்தால், விரைந்து எறியும் ஆட்டம் வந்தது. 2015-ல் குவாட்டர்பேக் கர்க் கசின்ஸ் எறிந்தவற்றில் 69.8 சதவீதம் சேர்ந்தன, அந்த ஆண்டு லீகிலேயே அதிகம். 2016-ல் மொத்த யார்டில் வாஷிங்டன் லீகில் மூன்றாவது. ஆனால் அதே 2016-ல் எதிரியின் 20 யார்டுக்குள் போய் டச்டவுன் வாங்குவதில் அந்த அணி கடைசி வரிசையில் கிடந்தது. பல ஆண்டுகளைக் குட்டி மைதானத்தில் கழித்தவரின் அணி குட்டிப் பரப்பில் திணறியது முரணாகத் தோன்றும். காரணம் யோசித்தால் புரியக்கூடியதுதான். அரீனாவில் கோல் கோட்டருகே உதவியது ஸ்னாப்புக்கு முன் ரிசீவர் ஓடும் ஓட்டமும் ஜாக்கின் விலங்கும். என்எஃப்எல்லில் இரண்டும் கிடையாது, எதிரே 11 பேர், யார் வேண்டுமானாலும் பாயலாம். அங்கே உதவுவது முன்வரிசையின் தள்ளுபலமும் தரையோட்டமும் (பந்தை எறியாமல் ஏந்தி ஓடுவது). அரீனாவில் தரையோட்டம் என்றால் ஃபுல்பேக் கையில் ஓரிரண்டு யார்டு. ஆட்டத்தை அதை வைத்துக் கட்டிப் பழகும் வாய்ப்பே இல்லை. இந்த விளக்கம் என் கணிப்பு. அந்த அணியின் காயங்களும் ஆட்கள் தேர்வும்கூடக் காரணமாக இருக்கலாம், எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்ட வழியில்லை. தடுப்பாட்டத்தில் ஆறு சீசனுக்குள் ஹேஸ்லெட், பாரி, மனஸ்கி என மூன்று ஒருங்கிணைப்பாளர்கள் மாறியதும் பலவீனத்தின் அடையாளம்.

அரீனா கோப்பைகள் மட்டுமே என்எஃப்எல் கதவைத் திறக்கும் என்றால் டிம் மார்கம் முதலில் போயிருக்க வேண்டும். 1995, 1996 கோப்பைகளில் க்ரூடனின் பயிற்சியாளரே அவர்தான், அரீனாபவுல் ஏழு வென்றவர். என்எஃப்எல் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. பல ஆயிரம் யார்டு எறிந்த கிளிண்ட் டோலெசல் பயிற்சியாளராகி 2016, 2017-ல் ஃபிலடெல்ஃபியா சோலுக்குக் கோப்பை வாங்கித் தந்தார், அவரும் உள்ளரங்க உலகத்திலேயே இருந்தார். போக்குவரத்து எதிர்த்திசையில்தான் எளிது: டல்லஸ் கவ்பாய்ஸின் குவாட்டர்பேக்காக இருந்த டேனி வைட், அரிஸோனா ராட்லர்ஸுக்கு வந்து 1994, 1997 கோப்பைகளை வாங்கினார். எனவே 2002-ல் கதவைத் திறந்தது குடும்பப் பெயர் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். 2011-ல் அண்ணன் பதவியில் இல்லாதபோது சின்சினாட்டி எடுத்ததற்குப் பெயர் மட்டும் போதாது என்பதையும் சொல்லலாம். அண்ணன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது யாராலும் நிரூபிக்க முடியாத கேள்வி.

இன்னொன்று பலர் கவனிக்காதது. 2009-ல் ஃப்ளோரிடா டஸ்கர்ஸில் ஜேயோடு வேலை செய்த இளம் உதவியாளர் ஷான் மெக்வே. 2014-ல் வாஷிங்டன் வந்ததும் மெக்வேயைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆக்கியவர் ஜே. மூன்றாண்டில் மெக்வே லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸின் தலைமைப் பயிற்சியாளர், 2022 பிப்ரவரியில் சூப்பர்பவுல் வென்றார். பிறகு மினசோட்டா வைக்கிங்ஸின் தலைமைக்கு வந்த கெவின் ஓ'கானலும் வாஷிங்டனில் ஜேயின் கீழ் இருந்தவர். ஆளைக் கண்டெடுக்கும் விஷயத்தில் ஜேயின் கணக்கு அவருடைய வெற்றி தோல்விக் கணக்கைவிட நன்றாக இருக்கிறது.

இன்று யாராவது இதே வழியில் போக முடியுமா என்ற கேள்வியும் எழும். வழி மிகக் குறுகிவிட்டது. பழைய லீக் 2010-ல் மீண்டு வந்து 2019-ல் மூடியது. 2024-ல் அதே பெயரில் தொடங்கியது பாதி சீசனுக்குள் அணி அணியாக உதிர்ந்தது, எஞ்சியவர்களில் சிலர் 2025-ல் அரீனா ஃபுட்பால் ஒன் என்று தொடங்கினார்கள். இண்டோர் ஃபுட்பால் லீகும் நடக்கிறது, ஆனால் அங்கே வலை கிடையாது. பழைய ஆட்டப் பதிவு ஏதாவது கையில் கிடைத்தால், முதல்முறை பார்க்கும்போது பந்தைப் பின்தொடராதீர்கள். ஸ்னாப்புக்கு முன் ஓடத் தொடங்கும் ரிசீவரைப் பாருங்கள், அவர் கோட்டைத் தொடும் கணத்தில் குவாட்டர்பேக்கின் கையைப் பாருங்கள். இரண்டாவது முறை ஜாக் லைன்பேக்கரை மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை இரண்டாம் பாதியின் கடைசி நிமிடத்தை, ஒவ்வொரு பிளேக்கும் முன் நிறுத்தி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முடிவெடுத்துவிட்டுத் தொடருங்கள்.